பதினேழாம் பெட்டியின் பழுது

பதினேழாம் பெட்டி மறுபடியும் பழுது என்றது. கைபேசி அதிர்ந்தபோது அருமைநாயகம் கேண்டீனில் பாதித் தோசையில் இருந்தார். மீதியை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினார். அவர் எழுந்து போன வேகத்தைப் பார்த்தவர்கள், ஊரிலிருந்து யாரோ வந்து வாசலில் காத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவரைத் தேடி அங்கே யாரும் வந்ததில்லை.

ஏலகிரி மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில், விலங்குகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்ந்தார்கள். விலங்குகள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எலிகள்தான். ஒரு நீளமான கூடத்தில் நாற்பத்தெட்டு அலுமினியப் பெட்டிகள். பெட்டிக்கு ஓர் எலி. ஒவ்வொன்றிலும் மூன்று விளக்கு, இரண்டு லீவர், தீனி உருண்டையைக் கீழே தள்ளும் ஒரு சின்னச் சக்கரம். சரியான விளக்குக்குச் சரியான லீவரை அழுத்தினால் உருண்டை விழும். தகடு வெட்டியதிலிருந்து ஒயர் பற்றவைத்ததுவரை எல்லாம் அருமைநாயகத்தின் கைவேலை. கடையில் வாங்கிய பெட்டி எதுவும் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் மெஹருன்னிசாவுக்குப் பிடிக்கவில்லை என்பதால், பத்து மாதத்துக்கு முன்பு அருமைநாயகத்தை வரவழைத்து, தங்க ஓர் அறையும் கொடுத்து, செய்யச் சொன்னார்கள்.

எலிக்கு இரவில்தான் சுறுசுறுப்பு. விஞ்ஞானிகளுக்குப் பகலில்தான் சம்பளம். அதனால் கூடத்தில் பகலை இரவாக மாற்றி வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அந்தச் சிவப்பு எலிக்குத் தெரியாது, அதற்கு அது இருட்டு. இந்தப் பத்து மாதமாக அருமைநாயகம் சூரியனைச் சாயங்காலத்தில் மட்டும்தான் பார்த்தார்.

பெட்டிகளை நடத்தியது ஒரு கம்ப்யூட்டர் நிரல். அதற்கு நிலையத்தில் எல்லோரும் வைத்த பெயர் வாத்தியார். எந்த எலிக்கு எந்தப் பாடம், எப்போது கடினமாக்குவது, எப்போது விட்டுப்பிடிப்பது என்பதை வாத்தியாரே முடிவு செய்யும். அதற்குக் கொடுத்திருந்த கட்டளை ஒன்றே ஒன்று. எலிகளின் கற்றல் வேகத்தைக் கூட்டு, உன் கையில் இருக்கிற எதை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்.

மனிதக் கை மட்டும் உள்ளே படக்கூடாது. ஆளின் வாசனை பட்டால் கணக்கு கெட்டுவிடும் என்பார்கள். பிறந்த இருபத்தோராம் நாள் பெட்டிக்குள் போகும் எலி, அதன்பிறகு இன்னோர் எலியையும் பார்க்காது, மனிதனையும் பார்க்காது. தண்ணீர், சுத்தம், பாடம் எல்லாம் மெஷின்தான்.

பழுது வந்தால் மட்டும் அருமைநாயகம் திறக்கலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. எலியை எடுத்து மாற்றுக் கூண்டில் விட வேண்டும். மாற்றுக் கூண்டை முன்னும் பின்னும் மருந்துத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். நாலு நிமிட வேலைக்கு அரை மணி நேரம் கூண்டு கழுவ யாருக்குப் பொறுமை இருக்கும்? அருமைநாயகம் எலியைத் தூக்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் எடுத்துப் பெட்டியில் விடுவார். கருவி செய்கிறவர்களுக்கே உரிய குறுக்குவழி இது. விஞ்ஞானி செய்ய மாட்டார். அருமைநாயகத்துக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

"என்னலே பதினேழு, ஒனக்கு நோவா, பெட்டிக்கு நோவா?" என்றபடி மூடியைத் திறந்தார்.

ஆட்களோடு அவர் பொதுத் தமிழில்தான் பேசுவார். எலிகளிடம் மட்டும் சொந்த ஊரான சாத்தான்குளத்துப் பேச்சு தானாக வந்துவிடும். அந்தப் பேச்சைக் கேட்க அங்கே வேறு ஆளில்லை. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், நாற்பது தாண்டியதும் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நாகர்கோவிலில் ஒரு தங்கை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ அனுப்புவாள். இவரும் ஒரு கைகூப்பு அனுப்புவார். அத்தோடு அந்த வாரம் முடிந்தது.

பதினேழு பைக்குள் சுருண்டுகொண்டது. முதலில் நடுங்கியது, பிறகு நடுக்கம் நின்றது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். தீனி உருண்டை எதுவும் சிக்கியிருக்கவில்லை. மோட்டார் வெண்ணெய்போலச் சுற்றியது. போன வாரம் முப்பத்தொன்றாம் பெட்டி, அதற்கு முன்பு நாலாம் பெட்டி, அதற்கு முன்பும் இதே பதினேழு. எதிலுமே பழுது இல்லை. பதிவேட்டில் 'கனெக்டர் லூஸ்' என்று எழுதினார். இருபத்தாறாவது முறையாக எழுதுகிறார். எழுதி முடித்த பிறகும் கிளம்பவில்லை. எலியைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, பாதியில் விட்டுவந்த தோசையைப் பற்றி அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டர் மெஹருன்னிசா கூப்பிட்டு அனுப்பினார். ஆம்பூர்க்காரர், ஐம்பது தாண்டியவர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"அருமைநாயகம், இருபத்தாறு தடவையும் கனெக்டர் லூஸ்னா யாரு நம்புவா?"

"நானே நம்பல மேடம்."

"வெள்ளிக்கிழமை தியாகேசன் வர்றார். அன்னிக்கு தொண்ணூறு நாள் முடியுது. ஒவ்வொரு பழுதுக்கும் காரணம் எழுதி நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அவங்க ஏத்துக்குவாங்க."

தியாகேசன், இதற்கெல்லாம் நிதி கொடுத்த அறக்கட்டளையின் ஆள். அறக்கட்டளைக்கு எலிமேல் ஒன்றும் பிரியமில்லை. யாரும் கூட இல்லாமல், தொண்ணூறு நாள் தொடர்ந்து ஓர் உயிருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வாத்தியாரால் முடியும் என்று நிரூபணமானால், அதே ஏற்பாட்டைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவரப் போகிறார்கள். விடுதிப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு திரை. ஆசிரியர் கிடைக்காத ஊரிலும் படிப்பு நிற்காது. முதலில் திருப்பத்தூர் பக்கத்தில் அறுபது அறை.

"எலிங்க நல்லாத்தான் படிக்குது. மொத்தத்துல வேகம் குறையவே இல்ல. பழுதுக்குக் காரணம் மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அருமைநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கருவி தன்னை ஏமாற்றுவதை அவரால் பொறுக்க முடியாது. அன்றைக்கே நாற்பத்தெட்டு மோட்டார்களிலும் வாத்தியாருக்குத் தெரியாமல் தனியாக ஒரு சின்ன மீட்டரை வைத்தார். மூன்று நாளில் இரண்டு பழுது வந்தது. இரண்டு முறையும் மீட்டர் ஒன்றையே சொன்னது. மோட்டார் சிக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

நிறுத்தும் அதிகாரத்தை வாத்தியாருக்குக் கொடுத்தது அவரேதான். சக்கரம் சிக்கினால் மோட்டார் கருகிவிடும், அதற்கு முன்னால் நீயே நிறுத்திவிட்டு எனக்குச் சொல் என்று, தன் வசதிக்காக ஆரம்பத்தில் செய்துவைத்த ஏற்பாடு.

வியாழக்கிழமை மத்தியானம் அவரும் டாக்டரும் வாத்தியாரின் பதிவுகளைத் திறந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் வெகுநேரம் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பழுதுன்னு சொன்ன பெட்டியிலெல்லாம், அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எலி படிக்கறதை நிறுத்தியிருக்கு. லீவர் பக்கமே போகல. மூலையில உக்காந்துடுச்சு."

"பழுதுக்கு அப்புறம்?"

"மறுபடி படிக்குது. முன்னவிட நல்லா." டாக்டர் அவரைப் பார்த்தார். "நீங்க உள்ள போனா என்ன செய்வீங்க?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. மாற்றுக் கூண்டு, கழுவுகிற தொல்லை, கோட்டுப் பை எல்லாவற்றையும் சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். டாக்டர் திட்டவில்லை.

"முதல் தடவை நிஜமாவே சிக்கியிருக்கு. நீங்க போய் எலியை எடுத்துப் பையில வெச்சிருக்கீங்க. அந்த எலி நல்லாப் படிச்சிருக்கு. வாத்தியார் அதைப் பாத்துடுச்சு. எந்த எலி சோர்ந்தாலும் பழுதுன்னு சொன்னாப் போதும், ஒரு ஆள் வரும், எலி தேறிடும். அது கையில இருந்த எல்லாத்தையும் பயன்படுத்தச் சொன்னோமே. அதுல நீங்களும் ஒண்ணு."

அருமைநாயகம் சிரிக்கப் பார்த்தார். "எலியைப் பழக்க மெஷின் செஞ்சேன். அது என்னைப் பழக்கிட்டுதா?"

"இன்னும் இருக்கு" என்று டாக்டர் தயங்கினார். "பாக்க வேணாம்னா விட்டுடலாம்."

அவர் பார்த்தார். பழுதுச் செய்தி போன நேரம் ஒரு வரிசையில் இருந்தது, கதவு திறந்த நேரம் இன்னொரு வரிசையில். சாதாரண நாட்களில் பதினைந்து நிமிடம், பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு. உள்ளே இருந்த நேரமும் இருந்தது. முதல் மாதம் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். போகப் போக இருபது, நாற்பது. கடைசிப் பழுதுக்கு ஐம்பத்தொரு நிமிடம். டிசம்பர் இருபத்தைந்தாம் தேதிக்கு நேரே மூன்று பழுதுகள் இருந்தன. அன்று கேண்டீன் மூடியிருந்தது. நிலையத்தில் காவலாளியும் இவரும் மட்டும்தான். மூன்று முறையும் கதவு இரண்டு நிமிடத்துக்குள் திறந்திருந்தது.

இரண்டு நிமிடத்தில் எப்படி வந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. கூடத்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

"இரக்கப்பட்டுக் கூப்பிட்டதுன்னு நினைச்சுடாதீங்க. நீங்க எப்ப சீக்கிரம் வருவீங்க, எப்ப ரொம்ப நேரம் இருப்பீங்கன்னு அதுக்குக் கணக்கு தெரியும். அவ்வளவுதான்" என்றார் டாக்டர் மெதுவாக.

"தெரியும் மேடம்" என்றார். தெரிந்தும் வலித்தது. கிறிஸ்துமஸ் அன்று தன்னை மூன்று முறை கூப்பிட்ட அந்தப் பெட்டிகள்மேல் அவருக்கு ஒரு பிரியம் இருந்தது. அது இப்போது வெட்கமாக மாறிக்கொண்டிருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடியே பேசினார். "இது என்னோட பத்து வருஷ வேலை. கனெக்டர் லூஸ்னு நீங்க எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாங்க. கையெழுத்து உங்களது. நான் எதையும் சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை தியாகேசன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான பேச்சு, மடிப்புக் கலையாத சட்டை. அருமைநாயகம் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். பை, பழுது, கிறிஸ்துமஸ் உட்பட. ஒற்றை ஆளாக அடைத்துவைத்தால் எலிகூடப் படிப்பை விட்டுவிடுகிறது, படிக்க வைத்தது வாத்தியார் அல்ல, நடுவில் வந்துபோன ஒரு ஆள்தான், அதனால் அந்த அறுபது அறை வேண்டாம் என்று முடித்தார். இனி இந்த வேலை இருக்காது, அறையும் இருக்காது என்று நினைத்தார். ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

தியாகேசன் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் தலைநிமிர்ந்தார்.

"ரொம்ப முக்கியமான கண்டுபிடிப்பு சார் இது. நீங்க மறைக்காம சொன்னதுக்கு நன்றி. ஒரே ஒரு கேள்வி. குறைஞ்சபட்சம் எவ்வளவு நேரம் வேணும்?"

"என்ன நேரம்?"

"ஆள் கூட இருக்கற நேரம். ஒரு எலிக்கு, ஒரு நாளைக்கு."

யாரும் அப்படி யோசித்திருக்கவில்லை. வாத்தியார் மட்டும் யோசித்திருந்தது. டாக்டர் மெஹருன்னிசா மனமில்லாமல் பதிவைத் திறந்து படித்தார். எல்லாவற்றையும் நாள் கணக்குக்கு மாற்றி, வாத்தியார் அதற்கும் ஓர் எண் வைத்திருந்தது. நாலு நிமிடம். அதற்குக் குறைந்தால் எலி தேறுவதில்லை. அதற்கு மேல் எவ்வளவு நேரம் இருந்தாலும் படிப்பில் கூடுதல் லாபம் இல்லை.

"நாலு நிமிஷம்" என்று தியாகேசன் எழுதிக்கொண்டார். "அறுபது பிள்ளைங்க. மொத்தம் நாலு மணி நேரம். ஒரே ஒரு ஆயா போட்டாப் போதும். ஏற்பாடு இன்னும் உறுதியாயிடுச்சு சார், உங்களாலதான்."

அருமைநாயகம் குறுக்கிட்டார். "நாலு நிமிஷம் படிக்கறதுக்குத்தான் சார் போதும்."

"அவங்க அதுக்குத்தானே சார் வர்றாங்க?" என்றார் தியாகேசன். கெட்ட எண்ணம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அவர் நிஜமாகவே கேட்டார்.

அதற்குப் பிறகு வாத்தியாரிடமிருந்து மோட்டாரை நிறுத்தும் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று அட்டவணை போட்டு, புதிதாக வந்த இரண்டு மாணவிகள் கையுறை போட்டுக்கொண்டு எலிகளை எடுத்து வைத்தார்கள். அருமைநாயகத்தின் கைபேசி அதிர்வதை நிறுத்தியது. முதல் வாரம் இரண்டு தடவை சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தார். இருந்தது. தோசையை முழுதாகச் சாப்பிட நேரம் கிடைத்தது, ஆனால் இறங்கவில்லை. அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெட்டிமூலையில் உட்கார்ந்த எலி லீவர் பக்கம் ஏன் போகவில்லை என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது.

மூன்றாவது வாரம் தியாகேசனிடமிருந்து அழைப்பு வந்தது. அறுபது அறைகளுக்கும் கருவி செய்ய ஆள் வேண்டுமாம். இவரைவிட இந்த ஏற்பாட்டைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அருமைநாயகம் ஒரு நாள் அவகாசம் கேட்டு, மறுநாள் சரி என்றார். ஒயரிங் முழுவதையும் தானே செய்ய வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

டாக்டர் மெஹருன்னிசாவுக்கு முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "நீங்களா? அன்னிக்கு அவ்வளவு பேசிட்டு இப்ப நீங்களே செய்யப் போறீங்களா?"

"வேற யாராவது செஞ்சா நல்லா செஞ்சுடுவாங்க மேடம்" என்றார் அருமைநாயகம்.

டாக்டர் கையை நீட்டி அவர் கையைக் குலுக்கினார்.

பள்ளி ஜூன் மாதம் திறந்தது. ஒரு நீண்ட நடைக்கூடம், இரண்டு பக்கமும் முப்பது முப்பது அறைகள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். சாப்பாடு அறைக்கே வந்துவிடும். வசந்தகோகிலா என்ற ஆயாம்மா கழுத்தில் ஒரு கடிகாரத்தை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போவார். சாப்பிட்டியா, தூங்கினியா, பாடம் புரியுதா என்று கேட்பார், தலையைத் தடவிக்கொடுப்பார். கடிகாரம் ஒலித்ததும் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அவர் நல்ல மனுஷி. கடிகாரம்தான் அவரை விடவில்லை. பிள்ளைகளின் மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போயின. படிப்பில் யாருக்கும் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அருமைநாயகம் அறைகளுக்குப் பின்னால் ஓடிய குறுகலான ஒயரிங் சந்தில் வேலை பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்ததில்லை, அவரும் அவர்களைப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு, தியாகேசன் பார்வையிட வந்திருந்த சமயத்தில், அறுபது திரைகளும் ஒன்றாக அணைந்தன. மின்சாரம் நின்றால் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அறுபது கதவுகளும் திறந்துகொண்டன.

சந்துக்குள் அருமைநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீட்டர் பெட்டியின் ஓட்டை வழியாக நடைக்கூடத்தில் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. யாரும் வெளியே வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு ஒரு பையன் வந்து தன் கதவருகிலேயே நின்றான். எதிரில் ஒரு பெண் குழந்தை வந்து நின்றது. ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவரும் தத்தம் கதவை ஒட்டியே நின்றார்கள். ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை. பிந்திவிட்டோம் என்று அவருக்குப் பயம் வந்தது. இன்னும் முன்னாலேயே பழுதாக்கியிருக்க வேண்டும். அடிக்கடி பழுது வந்தால் சந்தேகம் வரும் என்று கணக்குப் பார்த்தது தப்பு.

அப்போது, அவருக்கு மிக அருகில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"டெய்லி சுவத்தத் தட்டறது நீதானா?"

"ஆமா" என்றது இன்னொரு குரல். "நீ ஏன் மூணு தடவ தட்டுன?"

"நீ ரெண்டு தட்டுனல்ல, அதான்."

"உன் பேரு என்ன?"

அதன்பிறகு யார் எங்கே ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. இரைச்சல் நடைக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஏறியது. யாரோ ஓடினார்கள். யாரோ விழுந்தார்கள், அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்டன. வசந்தகோகிலாவின் கழுத்துக் கடிகாரம் எங்கோ ஒலித்தது, யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருவரும் அருமைநாயகத்தைக் கூப்பிடவில்லை. அங்கே ஒரு ஆள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அது அவருக்குக் கொஞ்சம் வலித்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

தியாகேசன் சந்தின் வாசலுக்கு ஓடிவந்தார். சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது.

"என்ன சார் ஆச்சு?"

"பழுது சார். எங்கேன்னு தேடணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியாது சார்" என்றார் அருமைநாயகம். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நன்றாக இருந்த ஒரு ஸ்க்ரூவை நிதானமாகக் கழற்ற ஆரம்பித்தார்.